மூணு பக்கத் தையல்

திருட்டுன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்க்கா, உடனே அந்த மிஸ் ரெண்டு காதையும் பொத்திக்கறாங்க! "குழந்தைங்க விஷயத்துல அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா." வேற எப்படிச் சொல்றதாம்? எங்க பொண்ணு பையில இருந்த பொருள் இப்ப இன்னொருத்தி பையில இருக்கு. அதுக்கு என்ன பேரு? சுற்றுலாவா? ஊரச் சுத்திப் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கா?... உக்காருங்கக்கா, நான் நகந்துக்கறேன். நகர்றதுக்கு எங்க இடம்! இந்த பெஞ்ச ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குன்னு செஞ்சிருக்கான், என் முட்டி என் தாடையில இடிக்குது. உள்ளதான் ஹெச்.எம். இருக்காங்க. ஃபோன்ல பேசறாங்களாம், முடிஞ்சதும் கூப்பிடுவாங்களாம். நான் வந்ததுலேருந்து அதே ஃபோன்தான். மிஸ்ஸும் அந்த ரெண்டு பிள்ளைங்களும் அவங்ககூட உள்ளயே இருக்காங்க.

நீங்களும் மத்தியான விழாவுக்குத்தானே?... இல்லையா? வேலையிலேருந்து கூப்பிட்டாங்களா? சரி சரி. கேக்குதா, ஹால்ல நாற்காலி இழுக்கற சத்தம்? 'என் கையால் ஒரு பரிசு'ன்னு பேனர் வேற. குழந்தைங்க சொந்தக் கையால ஒரு பரிசு செஞ்சு, மேடையேறி, அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ குடுக்கும். நாம எல்லாம் கண்ணத் தொடச்சுக்கணும். எனக்கு இந்தக் கைவேலைப் பரிசுன்னாலே ஆகாதுக்கா, வெளிப்படையாவே சொல்லிடறேன். என்னத்தச் செய்யுதுங்க? ஐஸ்கிரீம் குச்சிய ஒட்டி ஒரு பேனா ஸ்டாண்டு. பேனா போடாத வரைக்கும் நல்லா நிக்கும். பேனாவப் போட்டா படுத்துக்கும். அப்புறம் கல்லுக்கு பெயிண்ட் அடிச்சு 'பேப்பர் வெயிட்'. அந்தக் கல்லு பாவம், தெருவுல நிம்மதியாக் கெடந்துச்சு. ஜாம் பாட்டில்ல ஜிகினாவக் கொட்டி அலங்கார விளக்கு! அந்த ஜிகினா எங்க அக்கா வீட்டு சோஃபாவுல போன வருஷத்துலேருந்து குடியிருக்கு, காலி பண்ற உத்தேசமே இல்ல. உள்ளங்கையில பச்சை பெயிண்ட்டத் தடவி அட்டையில ஒரு அமுக்கு, 'மரம்'ங்கறாங்க. அத ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சு, விழுந்தா மறுபடி ஒட்டி... தூக்கிப் போட்டா பிள்ளை மனசு ஒடைஞ்சிடுமாம்.

சரி, போகட்டும், அதையாவது பிள்ளைங்க செய்யுதுங்களா? அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. போன வருஷம் நீங்க பார்த்திருக்கணும். ஒரு பொடியன், பல்லே இன்னும் முளைக்கல, கையில ஒரு மேசை விளக்கு. சுவிட்ச் போட்டா எரியுது! "எப்படிடா செஞ்சே"ன்னு கேட்டா, "அப்பா இன்னும் சொல்லிக் குடுக்கல"ங்கறான். இன்னொரு பொண்ணு ஒரு வாழ்த்து அட்டை. 'என் அன்பு அம்மாவுக்கு, நீங்கள் எனக்காகச் செய்யும் தியாகங்களுக்கு நன்றி.' தியாகம்ங்கற வார்த்தைய அது வாயாலயே சொல்ல வராது! அந்த அம்மாவே சிரிச்சுக்கிட்டு சொல்றாங்க, இடது கையால எழுதுனாங்களாம், அப்பதான் குழந்தை எழுத்து மாதிரி இருக்கும்னு. தனக்குத்தானே நன்றி எழுதி, தானே மேடைக்குப் போய் வாங்கி, தானே அழுதாங்கக்கா! நாங்க எல்லாரும் கை தட்டினோம். எனக்கு வந்த கோவத்துக்கு...

அதான் இந்த வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு நானே வந்துட்டேன். எங்க அக்காவுக்குக் கடையில தலைக்கு மேல வேலை, துணி தைக்கிற கடை. "நீ போயி எனக்குப் பதிலா உக்காந்துட்டு வா, ஆனா வாயத் திறக்காதே"ன்னு அனுப்பினா. வாயத் திறக்காம உக்கார்றதுக்கு ஒரு தலகாணிய அனுப்பியிருக்கலாமே! நான் யுனிவர்சிட்டில சமூகவியல் படிக்கிறேன், விவாத மன்றத்துக்கு நான்தான் செயலாளர், என்னப் போயி... எழுந்து நின்னு கேட்டேன்க்கா. 'இது குழந்தைகளோட விழாவா, பெரியவங்களோட கண்காட்சியா? பிள்ளைங்களுக்கு நாம அன்பு சொல்லித் தர்றோமா, இல்ல அடுத்தவன் உழைப்புல பேர் வாங்கற வித்தையச் சொல்லித் தர்றோமா?' பின் வரிசையில ஒருத்தர் கொட்டாவி விட்டாரு, அவரு விளக்குக்கார அப்பாவாத்தான் இருக்கும். ஆனா ஹெச்.எம். ஒத்துக்கிட்டாங்க. புது விதி போட்டாங்க. பெரியவங்க கை பட்ட பரிசுக்கு மேடை கிடையாது. அது நான் கொண்டு வந்த விதி. அதோ, நோட்டீஸ் போர்டுல தொங்குது பாருங்க.

மிஸ்ஸும் அதுக்கேத்த மாதிரி நல்ல ஏற்பாடுதான் பண்ணாங்க. கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே துணி. தடிப்பா, சாம்பல் கலர்ல, ஃபெல்ட்டுன்னு சொல்வாங்களே, அது. ஒரே செவப்பு நூலு, மழுங்குன ஊசி, ஒரு வெள்ளைப் பொத்தான். இத வெச்சு அவங்கவங்க வீட்ல ஒரு சின்ன உறை தைக்கணும். வாங்கறவங்களுக்கு எது உபயோகமோ அது. வாத்து... எங்க அக்கா பொண்ண நாங்க வாத்துன்னுதான் கூப்பிடுவோம், நடைய வெச்சு... அவ அப்பாவுக்குக் கண்ணாடி உறை தைக்கறேன்னு உக்காந்தா. எங்க மாமா பஸ் ஓட்டறாரு. படிக்கிற கண்ணாடிய எங்கயாவது வெச்சுட்டு வீடு முழுக்கத் தேடுவாரு. இன்னிக்கு மேடையில வாங்கிக்கணும்னு அடுத்த டிரைவர்கிட்ட கெஞ்சி ஷிஃப்ட்ட மாத்தி வாங்கியிருக்காரு. காலையில சட்டைக்கு ரெண்டு தடவ இஸ்திரி போட்டாரு, மனுஷன்.

இப்ப என்னடான்னா, காலையில மிஸ் எல்லாரையும் உறைய வெளிய எடுக்கச் சொல்றாங்க, வாத்து பையத் திறந்து பார்த்துட்டு ஓன்னு அழறா. "இது என்னோடது இல்ல!" துணி அதே துணி, பொத்தான் அதே பொத்தான். ஆனா தையல் அவ தையல் இல்லையாம். அவ்வளவு நேர்த்தியா இருக்காம். மிஸ் எனக்கு ஃபோன் பண்ணாங்க. அக்கா கடையில மெஷின் சத்தத்துல ஃபோன எடுக்க மாட்டா, அதனால என் நம்பர்தான் ஸ்கூல்ல குடுத்திருக்கு. நான் அப்பவே ஃபோன்லயே கண்டுபிடிச்சிட்டேன்க்கா! ஒரு நிமிஷம் ஆகல. "மிஸ், வாத்து பக்கத்துல யாரு உக்கார்றா?" ஒரு ரெட்டைச்சடைப் பொண்ணாம். ரெண்டு பேர் பையும் ஒரே ஆணியில தொங்குமாம். "அவ பையப் பாருங்க"ன்னேன். பார்த்தாங்க. இருந்துச்சு! கோணலும் மாணலுமா ஒரு உறை. தையல் ஒரு இடத்துல எறும்பு வரிசை, இன்னொரு இடத்துல கங்காரு தாவுது. ஒரு மூலையில விரலே போகுமாம். நம்ம வாத்து கைவேலை, அச்சு அசல்!

காரணம் புரியுதா? அந்தப் பொண்ணு வீட்ல பெரியவங்க தச்சுக் குடுத்திருக்காங்க. விதி ஞாபகம் வந்ததும் அந்தப் பொண்ணு பயந்து போச்சு. மேடை போயிடுமே! பக்கத்துப் பையில நல்லாக் கோணலா, நம்பற மாதிரி ஒண்ணு இருக்கு. மாத்தி வெச்சிடுச்சு. ஏழு வயசுல எவ்வளவு மூளை பாருங்க! எனக்கு அந்தப் பிள்ளை மேல கோவம் இல்லக்கா, வளர்த்தவங்கள சொல்லணும். என்ன வீடோ, என்ன அம்மாவோ...

...என்ன?

நீங்களா?... ரெட்டைச்சடை... உங்க பொண்ணா?

ஓ.

அதான் வேலையிலேருந்து கூப்பிட்டாங்களா... சொல்லியிருக்கலாமேக்கா முதல்லயே. சரி, ஒரு வகையில நல்லதாப் போச்சு, நேருக்கு நேராவே பேசிடலாம். முதுகுக்குப் பின்னாடி பேசற பழக்கம் எனக்கு இல்ல. உங்க பொண்ணு என்ன சொல்றாளாம்? "நானே தச்சேன், அம்மாவுக்குச் சாவி போட்டு வைக்கத் தச்சேன்"னு சொல்றாளாம். அழலயாம், அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாளாம். சொல்லத்தான் செய்வா. நீங்க அந்த உறைய வீட்ல பார்த்தீங்களா?... பார்க்கலயா? ஒளிச்சு வெச்சுத் தச்சாளா? அப்ப உங்களுக்கே தெரியாதே! தெரியாத விஷயத்துக்கு எப்படி உத்தரவாதம் குடுப்பீங்க? ஆதாரம் வேணும்க்கா, ஆதாரம். பாசம் ஆதாரம் ஆகாது.

நான் சொல்றேன், என்கிட்ட ஆதாரம் இருக்கு. ஒண்ணு, வாத்துவே அடிச்சு சொல்றா, பையில இருந்தது அவளோடது இல்லன்னு. ரெண்டு, அந்த நேர்த்தியான உறைய ஏழு வயசு தச்சிருக்க முடியாது, மிஸ்ஸே சொல்றாங்க, பெரியவங்க கைதான்னு. மூணு... ம்? வாத்துகிட்ட அந்தக் கோணல் உறையக் காட்டினாங்களான்னா கேக்கறீங்க? காட்டினாங்க. "இதுவும் என்னோடது இல்ல"ன்னு சொல்லிட்டா, அது பயத்துல ஒளர்றா. நான் ஃபோன்லயே சொன்னேன், "ஒழுங்காப் பாருடி, அதான் உன்னோடது"ன்னு. அப்புறம் தலைய ஆட்டினாளாம். குழந்தைங்கள நாமதானே வழிநடத்தணும்?

நேத்து வாத்தோட உறைய நான் பார்த்தேனா? பார்க்காம! என் கையிலயே இருந்துச்சு. கண்றாவி. நீங்க தையல் கடையில பொறந்து வளர்ந்திருந்தாத் தெரியும், அதப் பார்க்கறது எவ்வளவு கொடுமைன்னு. எங்க அம்மாவும் அதே தொழில்தான். எங்க வீட்ல ஒரு பழக்கம், கோணல் தையல் யார் கண்ணுல படுதோ அவங்க பிரிச்சிடணும். யார் தச்சதுன்னு கேக்கறதில்ல, கோவிச்சுக்கறதும் இல்ல. பேசிக்கிட்டே இருப்போம், கை பாட்டுக்குப் பிரிக்கும். எங்க அக்கா ஒரு தடவ கல்யாணத்துக்குப் போன இடத்துல முன்னாடி உக்காந்திருந்த அம்மாவோட ரவிக்கை முதுகுத் தையலப் பிரிக்கப் பார்த்தா, நான்தான் கையத் தட்டி விட்டேன். சோறு சாப்பிடற மாதிரி எங்களுக்கு அது. அதுல 'நான் செஞ்சேன், நீ செஞ்சே'ங்கற பேச்சே கிடையாது. பிரிக்கிறது ஒரு வேலையா?

அதனால நேத்து அவ குளிக்கப் போனப்ப, உறை மேசை மேல கெடந்துச்சு. என் கண்ணுல பட்டுடுச்சு. இந்தக் கங்காருத் தையலோட அது நாளைக்கு மேடையேறப் போகுது, மாமா அத எல்லார் முன்னாடியும் வாங்கப் போறாரு, 'யாரு வீட்டுப் பிள்ளை, டெய்லர் வீட்டுப் பிள்ளையா'ன்னு கேப்பாங்க... ஓரத்த மட்டும் லேசாப் பிரிச்சு விட்டேன். பிரிச்சா அப்படியே விட முடியுமா? ஒரு ஓட்டுத் தையல் போட்டேன். அதே செவப்பு நூலுதான், வேற நூலக்கூட எடுக்கல! அவ செஞ்சதுல நான் கைய வைக்கல, ஓரம் மட்டும்தான். இஸ்திரி வெச்சு, காயிதத்துல சுத்தி, பைக்குள்ள வெச்சுட்டேன். அவ பிரிச்சுப் பார்க்காமயே காலையில கொண்டு வந்துட்டா.

எவ்வளவு ஓரமா? ...ஓரம்தான்க்கா. கீழ் ஓரம். அப்புறம் பக்கத்துல ஒண்ணு. அது நேரானதும் எதிர்ப் பக்கம் கோணலாத் தெரிஞ்சுது, அதையும்... உறைக்கு மூணு பக்கம்தானே தையலு. மேல வாய் தொறந்திருக்கும்ல?

...

ஏன்க்கா அப்படிப் பார்க்கறீங்க?

இருங்க. இருங்க... ஒரு நிமிஷம். பையில இருந்தது நேர்த்தியான உறை. பெரியவங்க கை. செவப்பு நூலு...

அய்யோ.

இல்ல, இல்ல, இருங்க, எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க! அப்ப அந்தக் கோணல் உறை... அது உங்க பொண்ணு... அவளே... உங்களுக்குச் சாவி போட்டு வைக்க... அக்கா! நான் அவ பையச் சோதிக்கச் சொன்னேன். கிளாஸ்ல அத்தனை பிள்ளைங்க முன்னாடி சோதிச்சிருக்காங்க. ஒருத்தர்கூட நம்பாம அந்தப் பிள்ளை தனியா நின்னு "நானே தச்சேன், நானே தச்சேன்"னு...

கொஞ்சம் பொறுங்கக்கா. யோசிப்போம். நீங்க உள்ள போய்ச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பெரியவங்க கை பட்டுடுச்சு, மேடை கிடையாது. நான் போட்ட விதி! மாமா ஷிஃப்ட்டு மாத்தி, சட்டைக்கு ரெண்டு தடவ இஸ்திரி போட்டு வந்து நிப்பாரு, வாத்து கீழயே உக்காந்திருப்பா. அவ என்ன தப்புப் பண்ணா? இப்படிச் சொல்லலாமா... ஏதோ கலந்து போச்சு, யாரும் எடுக்கல, பையி ஆணியிலேருந்து விழுந்திருக்கும், பெருசு பண்ண வேணாம்னு? உங்க பொண்ணுக்கும் பேர் கெடாது, எங்க பொண்ணுக்கும்... கெடுமா? எப்படிக் கெடும்? ...'எடுத்தவ'ங்கற பேரு அப்படியேதான் நிக்கும்ங்கறீங்க. ம். நிக்கும்தான். பிள்ளைங்க மறக்காதுங்க. வாதத்துக்குன்னு எடுத்துக்கிட்டாலும், மேல்தையல் போடறத 'செஞ்சது'ன்னு சொல்ல முடியுமா, அத ஒரு விவாதமா வெச்சா...

சரி. விவாதம் இல்ல.

நீங்களே சொல்லிடுங்களேன்க்கா. நீங்க சொன்னா அமைதியா இருக்கும். நான் பேச ஆரம்பிச்சா எங்கயாவது போயிடும்... ஏன் கதவத் திறந்து பிடிச்சுக்கிட்டு அங்கயே நிக்கறீங்க? உள்ள போங்க... நான் முதல்லயா?

...வர்றேன். வர்றேன்க்கா. பிடிச்சுக்கங்க.

*

அக்கா, போயிடாதீங்க! ஒரு நிமிஷம் உக்காருங்க இதே பெஞ்சுல. உங்க பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டத நீங்க பார்த்தீங்கல்ல? மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. "கிளாஸ்ல வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க"ன்னா. சொன்னேன்ல? போய் நின்னு சொன்னேன்ல? மேடையில நான் எத்தனையோ பேரு முன்னாடி பேசியிருக்கேன், அந்த முப்பது பொடிசுங்க முன்னாடி எனக்கு நாக்கே பொரளல. "திருடினது யாரும் இல்ல, சித்திதான் பிரிச்சாங்க"ன்னதும் ஒரு பையன், "ஏன் பிரிச்சீங்க?"ங்கறான். கோணலா இருந்துச்சுன்னேன். "எல்லாரோடதும் கோணல்தானே"ங்கறான்! உங்க பொண்ணு அதுக்கப்புறமும் சிரிக்கல. நியாயம்தான். நானா இருந்தா இன்னும் நாலு வாரம் சிரிக்க மாட்டேன்.

ஆனா எங்க வாத்தப் பாருங்க. ஹெச்.எம். விதி விதிதான்னுட்டாங்க, என் தையல் ஒண்ணு இருந்தாலும் மேடை கிடையாதாம். இவ அழலயே! என் முன்னாடி உறையப் போட்டா. "நான் தச்சதப் பிரிச்சேல்ல சித்தி? இப்ப நீ தச்சதப் பிரி." பிரிச்சேன்க்கா. மூணு பக்கமும். சுருக்காப் பிரிஞ்சு வந்துடுச்சு, அவ்வளவு அழகான தையலு. இப்ப அவளே தைக்கறா, பாருங்க. மத்தியானத்துக்குள்ள முடிப்பாளோ என்னமோ, இன்னும் ஒரு பக்கம்கூட முடியல. ஹால்ல கூட்டம் வந்தாச்சு, மாமா கடைசி வரிசையில நின்னு எட்டி எட்டிப் பார்க்கறாரு.

என்னய கையக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லியிருக்கா... ஏய், அது வெளிய போகுது, ஊசிய உள்ளேருந்து... இல்லடி, நான் ஒண்ணும் சொல்லல. பேசவும் கூடாதாம். நூல இழுக்கறா பாருங்க, துணியே சுருங்குது... ஐயையோ, அடுத்த தையல எங்க கொண்டு போய்க் குத்தறா!... இல்ல இல்ல, நல்லா இருக்கு கண்ணு, ரொம்ப நல்லா இருக்கு, தை.

அக்கா... கோவம் இன்னும் இருக்கும், தெரியும். இருந்துட்டுப் போகட்டும். அவ முடிக்கிற வரைக்கும் மட்டும், என் ரெண்டு கையையும் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்கங்களேன்!